2007 ஜிப்சி: அலுவலகத்துக்கும் சிறுமலைக்கும் ஒரே வண்டி

நான் வாங்கியபோது அந்த மாருதி ஜிப்சி கிங், படத்தில் பார்ப்பவர்கள் பொறாமைப்படும் தோற்றத்தில் இருந்தது. முன்னால் கனத்த இரும்புக் குழாயில் செய்த பம்பர், கண்ணாடிக்கு மேலே நீண்ட எல்இடி விளக்குப் பட்டை, கைப்பிடி அகலத்துக்கு உயர்த்திய உடல், சக்கர வளைவை மறைத்துக்கொண்டு நிற்கும் 235/75 ஆர்15 டயர்கள் என்று முந்தைய உரிமையாளர் ஒரு குறையும் வைக்கவில்லை. வாங்கிய நான்காம் நாள் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும்போதுதான், பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள், இது நிறுத்தி வைத்து அழகு பார்க்கும் வண்டியே தவிர ஓட்டும் வண்டியல்ல என்பது புரிந்தது. அதன்பிறகு ஒன்றரை ஆண்டுகளாக நான் செய்த மாற்றங்களில் பெரும்பகுதி, ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த மாற்றங்களைக் கழற்றியதுதான்.

என் தேவை எளியது. வாரத்தில் ஐந்து நாள் நகருக்குள் அலுவலகம் போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிறுமலையில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் மிளகு, வாழைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். தார்ச்சாலை முடிந்த பிறகு தோட்டம் வரை மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் செம்மண் சோப்புபோல வழுக்கும். கோடையில் மழைநீர் அறுத்த பள்ளங்களுக்கு நடுவே பாறை துருத்திக்கொண்டிருக்கும். மலைவாழைத் தாரையும் எலுமிச்சை மூட்டையையும் இன்றும் குதிரைகள் சுமந்து இறக்கும் மலை அது. அவ்வளவுதான் என் ‘ஆஃப்-ரோடு’. காட்டாற்றில் இறங்குவதும் வனத்துறையின் எல்லைக்குள் வண்டியை விடுவதும் என் திட்டத்தில் என்றுமே இல்லை.

பெரிய டயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் கிளைத்திருந்தது. ஜிப்சியோடு வந்த அளவு 205/70 ஆர்15. அதன் விட்டம் 668 மில்லிமீட்டர். 235/75 டயரின் விட்டமோ ஏறத்தாழ 734. இந்த 66 மில்லிமீட்டரில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டர்தான் இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸிலுக்கு அடியில் கூடுதலாகக் கிடைக்கும் இடைவெளி. அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். சக்கரச் சுற்றளவு பத்து விழுக்காடு கூடிவிடுவதால் ஒவ்வொரு கியரும் அதே விகிதத்தில் நீண்டுவிடுகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-இல் போகிறது. 1298 சிசி எஞ்சின் 80 குதிரைத்திறனைத் தருவது உண்மைதான் என்றாலும், அது 6000 சுற்றில்தான் கிடைக்கிறது. முறுக்குவிசையின் உச்சமும் 4500 சுற்றுக்கு வந்தால்தான் உண்டு. கீழ்ச் சுற்றில் இழுவை குறைந்த இந்த எஞ்சினுக்குக் கனமான பெரிய சக்கரத்தை மாட்டியபோது, மற்றவர்கள் இரண்டாம் கியரில் ஏறும் வளைவுகளில் நான் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடியிருந்தது.

அந்த டயர்களை விற்றுவிட்டு, பழைய 205/70 அளவிலேயே பட்டன் சற்று ஆழமான, தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்களைப் போட்டேன். பொலீரோவுக்கு வரும் 215/75 எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால் பலர் அதை மாட்டுகிறார்கள். 35 மில்லிமீட்டர்தான் விட்டம் கூடும் என்பதால் அதைப் பெரும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அந்தக் கூடுதல் உயரம் ஒருநாளும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது காற்றைக் குறைப்பது மட்டும்தான். மண்பாதை தொடங்கும் இடத்தில் நின்று நான்கு சக்கரத்திலும் 18 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டால், டயர் தரையில் பரந்து படிந்து பாறை விளிம்பைக் கவ்விக்கொள்கிறது. திரும்பும்போது, பேட்டரியில் ஓடும் சிறிய பம்பில் காற்றை ஏற்றிக்கொள்ளக் கால்மணி நேரம் ஆகும்; அதற்குள் தோட்டத்தில் பறித்த எலுமிச்சையைக் கோணியில் கட்டி முடித்துவிடலாம்.

உடலை உயர்த்தியிருந்த விதம் இன்னும் மோசம். அதிர்வைத் தாங்கும் கமான் பட்டைகளின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளை மட்டும் நீளமாகச் செய்து மாட்டியிருந்தார்கள். செலவு குறைந்த வழி என்பதால் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். பட்டையின் ஒரு முனை மட்டும் கீழே இறங்குவதால் முன் ஆக்ஸில் இலேசாகத் திரும்பி, காஸ்டர் கோணம் குறைந்துவிடும். அந்தக் கோணம்தான் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது. அது குறைந்த வண்டி, நேர்சாலையிலும் குடித்தவன் நடைபோல அலையும். என் வண்டி அறுபதைத் தாண்டினால் அலைவதோடு நிற்காமல், சிறு பள்ளத்தில் இறங்கினாலே ஸ்டீயரிங் கையை உதறும் அளவுக்கு நடுங்கவும் செய்தது.

நடுக்கத்துக்கு வீல் பாலன்ஸ்தான் காரணமென்று ஒரு பட்டறையில் மூன்று முறை பணம் வாங்கினார்கள். நான்காவதாகப் போனது, ஜீப்புகளையே ஆண்டுக்கணக்காகப் பார்த்துவரும் ஒரு மெக்கானிக்கிடம். அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் கைவைத்து ஒருமுறை அசைத்தார். சக்கரம் ‘டக், டக்’ என்று ஆடியது. முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்குகள் தேய்ந்து, உருளைகள் பதிந்த தடம் கிண்ணத்தில் வரிவரியாகத் தெரிந்தது. பிறகு வலப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்முக்குள் கசிந்து லைனிங்கில் ஊறியிருந்த ஆக்ஸில் எண்ணெயை விரலில் தொட்டு என்னிடம் காட்டினார். “தம்பி, வண்டிய ஏத்துறதெல்லாம் அப்பறம். மொதல்ல நிக்குதான்னு பாருங்க” என்றார்.

அடுத்த இரண்டு மாதங்கள் வண்டியில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் மாறவில்லை. கிங்பின் பேரிங்குகள், முன் சக்கரத்தைத் திருப்பும் மூட்டான நக்கிளின் சீல்கள், ஸ்டீயரிங் கம்பிகளின் பந்து முனைகள், பின் பிரேக்கின் லைனிங்கும் சிலிண்டரும், துருவேறிய பிரேக் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்டின் சிலுவை மூட்டுகள், கமானின் ரப்பர் புஷ்கள் எல்லாம் புதிதாயின. பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் மாற்றினேன்; இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், 2007-இல் செய்த ரப்பரோ அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இருக்கைக்கு அடியில் விரித்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கியபோது தரைத்தகடு அப்பளம்போலப் பொரிந்து கிடந்தது. அதை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைத்து முடிக்க டிங்கரிங் கடையில் ஒன்பது நாள் ஆயிற்று. இதையெல்லாம் படம் எடுத்துப் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

கமானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிப்சிக்கு நான்கு சக்கரத்திலும் கமான் பட்டைதான். நகரச் சாலையில் அது முதுகைப் பதம்பார்க்கும் என்பதை ஓட்டிய எவரும் அறிவர். பின்னால் ஒரு பட்டையை உருவிவிட்டால் மெத்தென்று ஆகிவிடும் என்பது பலரும் சொல்லும் யோசனை. வாழைத்தார் ஏற்றும் எனக்கு அது ஒத்துவராது. லாரிகளுக்குக் கமான் அடிக்கும் பட்டறையில் கொடுத்து, பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துத் துருவைச் சுரண்டி, ஒன்றின்மேல் ஒன்று குத்திப் பள்ளம் விழுந்திருந்த முனைகளைத் தேய்த்து மழுக்கி, இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டச் சொன்னேன். நீளமான ஷேக்கிள்கள் பழைய இரும்புக்குப் போயின. ஷாக் அப்சார்பர் நான்கும் புதியவை. துருவில் ஒட்டிக்கிடந்த பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கியதும் வண்டியின் குணமே மாறியது.

இதில் நான் எதிர்பாராத பலன் மலையில் கிடைத்தது. இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஜிப்சியில் சாதாரணமானது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அந்த ஆக்ஸிலின் சுழற்சி முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டு வீணாகச் சுழலும். விறைத்த கமானோடு பள்ளத்தைக் குறுக்கே கடக்கும்போது எதிரெதிர் மூலைகளில் சக்கரம் தூக்கிக்கொண்டிருந்தது. இப்போது கமான் தாராளமாக இறங்குவதால் நான்கும் மண்ணைத் தொட்டுக்கொண்டே போகின்றன. அலுவலகம் போகும் முதுகுக்காகச் செய்த வேலைதான், இரு சக்கரத்தையும் சேர்ந்தே சுழல வைக்கும் விலையுயர்ந்த டிஃபரன்ஷியல் லாக்கை வாங்கும் எண்ணத்தையும் கைவிட வைத்தது.

முன்பக்க இரும்புக் குழாய், விளக்குப் பட்டை இரண்டும் பதிவைப் புதுப்பிப்பதற்கு முன்பே இறங்கிவிட்டன. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டியை ஆய்வுக்குக் காட்டித்தான் அடுத்த ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வரையறுத்ததிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கலாம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் குழாயைக் கழற்றியிருப்பேன். ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள வண்டியின் மூக்கில் அவ்வளவு இரும்பைத் தொங்கவிடுவது முன் கமானுக்குச் செய்யும் கொடுமை. அது மோதும்போது அடியை அப்படியே சட்டகத்துக்குக் கடத்தும், எதிரில் நடந்து வருபவருக்கோ எமன்.

விளக்குப் பட்டைக்குப் பதிலாகச் செய்தது சில நூறு ரூபாய் வேலை. பழைய ஒயரும் சுவிட்சும் மின்சாரத்தைப் பாதி வழியிலேயே விழுங்கிக்கொண்டிருந்தன. பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தனி ஒயர் இழுத்ததும், அதே 60/55 வாட் பல்பு ஒளிர்ந்த விதத்தைப் பார்த்து எலக்ட்ரீசியனே பல்பை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார்.

ஏசி போடவில்லை. மே மாதத் திண்டுக்கல்லில் துணிக்கூரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பது சுகமானதல்ல. அந்த மாதத்தில் மட்டும் பைக்கில் போகிறேன். பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை, ஓட்டிப் பார்க்க வந்த மைத்துனருக்குத் தெரிந்தது. முன் இருக்கைகளை மட்டும், முதுகு சாயும்படியான வேறொரு காரின் இருக்கைகளாக மாற்றிக்கொண்டேன்.

சென்ற ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு தோட்டத்திலிருந்து இறங்கினேன். நான்கு சக்கர இயக்கத்தின் கீழ்க் கியரில் வைத்து, பிரேக்கைத் தொடாமல், முதல் கியரின் பிடியிலேயே வண்டியை ஊரவிட்டேன். பாதி வழியில் மூட்டை சுமந்த நான்கு குதிரைகள் மேலேறி வந்தன. ஓரமாக நிறுத்தி வழிவிட்டேன். அந்தச் சரிவில் வண்டி ஓர் அங்குலம்கூட நகராமல் நின்றது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் இரு சக்கர இயக்கத்துக்கு மாற்றினேன், ஏனெனில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வண்டியை வழுக்காத தரையில் நான்கு சக்கரத்தில் திருப்பினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

இறங்கிக் காற்று ஏற்றும்போது பார்த்தால், இடப்பக்க நக்கிளின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. புதுச் சீல் போட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. மெக்கானிக்குக்குப் படம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.