மழைத் தண்ணீர் தின்ற கட்டை

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டங்களில் வேலை செய்யும் நம் ஆட்கள் பலரிடம் சின்ன ஃபைபர் போட் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெர்ணம் ஆற்றில் இறால் பிடிக்கப் போவார்கள். மற்ற நாளெல்லாம் அது வீட்டுக்குப் பின்னால் செம்பனை நிழலில், தண்ணீர் வடியும் பிளக்கைக்கூடக் கழற்றாமல் கிடக்கும். மழை பெய்து உள்ளே குளமாகும்.

ஃபைபர் மக்காது. ஆனால் தரைப் பலகைக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் என்கிற தாங்குகட்டை பழைய போட்டுகளில் பெரும்பாலும் பிளைவுட்டோ பலகையோதான். அதன்மேல் மேட் என்கிற கண்ணாடியிழை விரிப்பை, காய்ந்தால் இறுகும் ரெசின் என்கிற பிசினில் நனைத்துப் போர்த்தியிருப்பார்கள். ஏதோ ஒரு ஸ்குரூ ஓட்டை வழியே தண்ணீர் புகுந்தால் திரும்பி வர வழியில்லை. என் போட் ரிப்பேர் பட்டறைக்கு வருகிறவர்கள் உப்புத் தண்ணீர் அரித்துவிட்டது என்பார்கள். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. மழைத் தண்ணீர்தான் அதற்கு வசதி. தினமும் கடலுக்குப் போகிற போட்டைவிட வீட்டில் கிடக்கிற போட் சீக்கிரம் மக்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனால் தெரியும். நல்ல கட்டை ‘டக் டக்’ என்று பதில் சொல்லும், மக்கினது ‘தொப்’பென்று அடங்கிவிடும். சந்தேகமிருந்தால் சின்னதாக டிரில் போடுவேன். ஈரமாய்க் கறுத்த தூள் வந்தால் பேச்சே இல்லை.

“அண்ணே, மேலாக்கா ரெண்டு மேட் ஒட்டி மூடிருங்களேன்” என்று கேட்காதவர் குறைவு. அந்த வேலையை நான் எடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அழுகல் நிற்காது. பின்னால் தொங்கும் எஞ்சின் பாரத்தைத் தாங்கவும் உள்ளே ஒன்றும் இருக்காது.

போட்டின் அடியில் பல இடங்களில் முட்டுக்கொடுத்த பிறகுதான் மக்கின கட்டையை வெட்டி எடுக்க ஆரம்பிக்க வேண்டும். எல்லா ஸ்ட்ரிங்கரையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் அடிப்பாகம் வளைந்துவிடும், புதுக்கட்டை அந்தக் கோணலையே நிரந்தரமாக்கிவிடும். அதனால் ஒன்றை மாற்றி முடித்துத்தான் அடுத்தது. பழைய ஃபைபரின் கீழ் விளிம்பை ஒரு விரல் அளவு விட்டுவைத்தால் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். அட்டையில் அளவெடுத்து, மரைன் பிளைவுட் வெட்டி, எல்லாப் பக்கமும் ரெசின் பூசுவேன். வெட்டுமுனைதான் அதிகம் குடிக்கும். கட்டையின் அடிவிளிம்பு நேராக ஃபைபரில் குத்தி நிற்கக்கூடாது. நடுவில் கெட்டியான ரெசின் பசை வைத்து, மூலையை விரலால் வழித்து வளைவாக்கி, அதற்குமேல் மேட். ஒவ்வொரு அடுக்கும் முந்தினதைவிட அகலமாக.

மேட் ஒட்டுவதற்கு முன் பழைய ஃபைபரைத் தேய்க்கும் கிரைண்டர் வேலை. அந்தத் தூசி கழுத்தில் பட்டால் இராத்திரித் தூக்கம் போச்சு. முகமூடி போடச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான்.

ரெசின் கலப்பதைக் காலையிலேயே முடித்துவிடுவேன். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு 1 முதல் 2 பங்குதான்; நம் ஊர் மதிய வெயிலில் 2 பங்கு ஊற்றினால் கையில் இருக்கும் டப்பாவிலேயே சூடாகி இறுகிப்போகும்.

வேலை முடிந்து போன போட்டைத் திரும்பக் கெடுப்பது பெரும்பாலும் பேட்டரிப் பெட்டிதான். “நாலே நாலு ஸ்குரூ அண்ணே” என்று நேராக ஸ்ட்ரிங்கரில் முறுக்கிவிடுகிறார்கள். ஓட்டையைப் பெரிதாகக் குடைந்து, ரெசின் பசையால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் ஸ்குரூ போட்டால் மரத்துக்குத் தண்ணீர் போகாது. ஓட்டை போடுவதாக இருந்தால் என்னிடமே கொண்டுவாருங்கள், அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சிலர் கொண்டுவருகிறார்கள்.