கிரயோவா: இன்றைக்கு ஓர் இறந்தகாலம், நேற்றைக்கு வேறொன்று

ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து மேற்கே ரயிலில் சுமார் 200 கிலோமீட்டர் போனால் கிரயோவா, ஓல்தேனியா வட்டாரத்தின் பெரிய ஊர். ருமேனியா போகிற பெரும்பாலானவர்கள் டிரான்சில்வேனியாவின் கோட்டைகளுக்குத்தான் ஓடுவார்கள். நான் இங்கே போனதே ஜனங்கள் பேசுவதைக் கேட்கத்தான்.

ருமேனியாவின் மற்ற ஊர்களில் பெரும்பாலும் "சாப்பிட்டேன்" என்று ருமேனிய மொழியில் சொல்ல 'ஆம் மங்காத்' என்று இரண்டு சொல் வேண்டும். போன வாரம் சாப்பிட்டதானாலும் சரி, இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தாலும் சரி, அதேதான். 'மங்காய்' என்று ஒற்றைச் சொல்லாக ஓர் இறந்தகாலம் மொழியில் உண்டு, ஆனால் அந்த வகையைப் பெரும்பாலும் கதைப் புத்தகத்தில்தான் பார்க்க முடியும். ஓல்தேனியாக்காரர்கள் அதைச் சந்தையில் வைத்து சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள், அதுவும் ஒரு கணக்கோடு: இன்றைக்கு நடந்தது என்றால் 'மங்காய்', நேற்றைக்கோ அதற்கு முன்னாலோ என்றால் 'ஆம் மங்காத்'.

காய்கறிச் சந்தையில் இதற்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். லீக்ஸ் (பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்) கட்டு கட்டாக அடுக்கிய ஒரு கடையில் பாட்டியம்மா வாடிக்கையாளரிடம் "லுவாஷ்?" என்றார். வாங்கியாச்சா என்று கேட்கிறார், இதுவும் அதே ஒற்றைச் சொல் இறந்தகாலம்தான், 'நீ' என்று பேசும்போது வரும் அந்த 'ஆஷ்' முடிவுதான் ஓல்தேனியா முத்திரை. லீக்ஸும் அப்படித்தான், ஓல்தேனியாக்காரர் என்றாலே கையில் லீக்ஸ் என்று நாடு முழுக்க ஜோக்குகள். (ஆலிவ் போட்டு வதக்கிய லீக்ஸ், விரத நாள் சாப்பாடு, சூடு ஆறிய பிறகுதான் ருசி, கிடைத்தால் விடாதீர்கள்.) வழியில் வரும் கராகல் ஊரின் கதை இன்னும் பாவம், முட்டாள்களை ஏற்றிவந்த வண்டி அங்கேதான் கவிழ்ந்ததாம்!

ஊரில் ஜான் மிஹாயில் மாளிகை அருங்காட்சியகத்தில் பிரங்குஷியின் சிற்பங்கள் இருக்கின்றன. 1903-ல் திறந்த ரொமனெஸ்கு பூங்காவின் தொங்கு பாலமும் நன்றாக இருந்தது, ஆனால் நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பேச்சைத்தான் அதிகம் கேட்டேன்.

தங்கிய வீட்டுக்கார அம்மாவின் மகள் புக்கரெஸ்டில் வேலை பார்க்கிறாள். ஆபீசில் கேலி செய்கிறார்கள் என்று அங்கே 'ஆம்' போட்டே பேசுகிறாளாம், ஊர் ஸ்டேஷனில் இறங்கியதும் மாறிவிடுமாம். அம்மாவுக்கு அதில் கோபம். "அவங்க புத்தகத்துல எழுதுறதை நாங்க வாயால பேசுறோம், இதுல யாரு பட்டிக்காடு?" என்றார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.