ஜன்னல் மூடிய வீட்டில் காற்று

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு மேலே வென்டிலேட்டர் உண்டு. சூடான காற்று மேலேறி அது வழியாகப் போய்விடும். ஜெர்மனியில் நாங்கள் குடிவந்த புது வீட்டில் எறும்பு நுழையச் சந்து கிடையாது. 1991-இல் டார்ம்ஸ்டாட் நகரில் ஆள் குடியேறிய முதல் பாசிவ் ஹவுஸ் (ஹீட்டர் அதிகம் தேவைப்படாத வீடு) காட்டிய வழி இது. குளிர் புகாமல் இறுக்கிக் கட்டிவிட்டு, காற்றை மாற்றும் வேலையை ஒரு வென்டிலேஷன் மெஷினிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

சமையலறை, குளியலறைக் காற்றை அது வெளியே இழுக்கும். புதுக் காற்றைப் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் அனுப்பும். இரண்டும் மெல்லிய தகடுகளின் இருபுறமும் கலக்காமல் போகும்போது சூடு மட்டும் கைமாறும். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 என்றால், 80 சதவீதம் சூட்டை மீட்கிற மெஷினில் காற்று 16 டிகிரியாக உள்ளே வரும்.

"இன்னாடி, கதவுக்குக் கீழ இவ்ளோ இடுக்கு வுட்டுக்கீறாங்க?" என்று ஊரிலிருந்து வந்த அம்மா பழைய புடவையைச் சுருட்டி அடைத்தார். பூரானுக்கும் பல்லிக்கும் பயந்து ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இங்கே படுக்கையறைக் காற்று குளியலறைக்குப் போக அந்த இடுக்குதான் வழி. சொன்னதும் எடுத்துவிட்டார்.

மோர்மிளகாய் வறுக்கும் நாளில் வேகத்தைக் கூட்டிவிடுகிறோம். கமறல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். அடுப்புக்கு மேல் உள்ள சிம்னி தனி. எங்கள் வீட்டில் அது கரி ஃபில்டரில் வடிகட்டி உள்ளேயே விடும். அதைக் காற்றுக் குழாயோடு இணைக்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும்.

கரன்ட் மிச்சம் என்று சில நண்பர்கள் மெஷினையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சோறு வடிக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, உள்ளே காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் குளிர்ந்த மூலையில் பூஞ்சையாகிவிடும். குழந்தைக்கு வீசிங் உள்ள வீட்டில் இது விளையாட்டில்லை. ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வெள்ளையாய்ப் போட்டது சாம்பல் நிறமாகி, மடிப்புகளில் மகரந்தத் தூள் மஞ்சளாய் அப்பியிருக்கும். அது நெஞ்சுக்குள் போகாமல் நின்றது என்று நினைத்தால், புது ஃபில்டருக்குக் கொடுக்கும் காசு வலிக்காது.

குளிர்காலத்தில் உள்காற்று வறண்டு உதடு வெடிக்கும். அதனால் வேகத்தைக் குறைத்து வைக்கிறோம். காற்றில் கொஞ்சம் ஈரம் சேரட்டும் என்று துணியை ஹாலிலேயே காயப்போடுகிறோம்.

வெயில் காலத்துக்கு மட்டும் அம்மா சொல்வதே சட்டம். மெஷின் ஏசி இல்லை. அது தள்ளும் காற்று வீட்டைக் குளிர்விக்கப் போதாது. பகலில் ஷட்டரை இறக்கு, ராத்திரி எல்லா ஜன்னலையும் திற என்றார். வேலூர் கத்திரி வெயிலைப் பார்த்தவர். அப்படிச் செய்தால்தான் விடிவதற்குள் சுவர் ஆறுகிறது.