சிறிய பின்வளவுக்கு டெக்கிங் வேண்டுமா?

லண்டனின் வடமேற்கே ஹரோ பகுதியில் உள்ள எங்கள் வீடு, 1930களில் கட்டப்பட்ட பல்லாயிரம் செமி டிட்டாச்ட் (ஒரு பக்கச் சுவர் மட்டும் அயல்வீட்டோடு ஒட்டிய) வீடுகளில் ஒன்று. அதன் பின்வளவு ஐந்தரை மீற்றர் அகலமும் ஒன்பது மீற்றர் நீளமும் கொண்டது. குசினிக் கதவைத் திறந்து இரண்டு படி இறங்கினால் வெடித்துப்போன கொங்கிறீற் தளம் வரும். அதற்கப்பால், புல்லை விடப் பாசி அதிகமாக உள்ள ஒரு துண்டு நிலம். கோடையில் நாலு கதிரை போட்டு இருக்கக்கூட மட்டமான இடம் இல்லை என்பதுதான் டெக்கிங், அதாவது வெளியே போடும் பலகைத் தளம், பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கக் காரணம். குசினித் தரையின் மட்டத்திலேயே பலகைத் தளத்தை வெளியே நீட்டிவிட்டால், வீட்டுக்கு இன்னொரு விறாந்தை கிடைத்தது போல இருக்கும் என்பது மனைவியின் எண்ணம். விற்பனைப் படங்களில் வரும் டெக்கிங் எல்லாம் கண்ணாடிக் கதவையொட்டியே இருப்பதால், அது வேறெங்காவது இருக்கலாம் என்று எனக்கும் முதலில் தோன்றவில்லை.

ஆனால் எங்கள் பின்வளவு வடக்குப் பார்த்தது; நடுப்பகலில் தெற்கே நிற்கும் சூரியனை வீடே மறைத்துவிடும். லண்டனில் மார்கழி நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. வீட்டின் பின்சுவர் கூரை விளிம்பு வரை சுமார் ஐந்து மீற்றர் உயரம் என்று கொண்டால், அந்த வேளையில் அதன் நிழல் பதினெட்டு மீற்றருக்கு மேல் நீளும்; அதாவது எங்கள் வளவு முழுவதையும் மூடிப் பின்வீட்டாரின் வளவுக்குள்ளும் போய்விடும். பங்குனிப் பிற்பகுதியில் சூரியன் 38 பாகை அளவுக்கு உயரும்போது நிழல் ஆறு மீற்றர்களில் முடிந்து, வேலிப்பக்கம் இருக்கும் கடைசி இரண்டு மூன்று மீற்றரில் வெயில் விழத் தொடங்கும். ஆனி மாதத்தில் சூரியன் 62 பாகை ஏறியும், கதவையொட்டிய இரண்டரை மீற்றர் நடுப்பகலில் நிழலுக்குள்ளேயே கிடக்கும். அதிகாலையும் அந்தியும் மட்டும், சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறையும் அந்த வாரங்களில், பின்சுவரில் சிறிது வெளிச்சம் படும். சுருங்கச் சொன்னால், நாங்கள் பலகை போட நினைத்த இடம்தான் வளவிலேயே மிகக் குறைவாக வெயில் படும் இடம்.

வெயில் படாத மரப்பலகை இந்த நாட்டில் என்னவாகும் என்பதை அறிய அதிக தூரம் போக வேண்டியதில்லை. லண்டனின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 600 மில்லிமீற்றர்தான். அளவில் அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் அது கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும் மழையல்ல, ஐப்பசியில் தொடங்கிப் பங்குனி வரை நசநசவென்று தூறி, நிலம் காய விடாமல் வைத்திருக்கும் மழை. நிழலில் உள்ள பலகையில் அந்த ஈரத்தின் மேல் பச்சைப் படலம் படர்ந்தால் சவர்க்காரம் பூசிய தரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வரி வரியாகக் கீறிய பலகை வழுக்காது என்று கடையில் சொல்வார்கள். அந்த வரிகளுக்குள் அழுக்கும் இலைத்தூளும் அடைந்து பாசிக்கு உரமாவதை அயலவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்திருந்த என் அம்மா, வாசலிலேயே நின்றுகொண்டு, “தம்பி, இதில காலை வைக்கவே பயமாக் கிடக்கு” என்றார். எழுபது வயதைத் தாண்டியவர் ஒரு நாளில் பலமுறை குப்பை போடவும் உடுப்புக் காயப் போடவும் போகும் வழி அதுவாக இருந்தால், அந்தச் சொல்லை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

கதவோரத்துக்கு எதிராக வேறு காரணங்களும் இருந்தன. இங்கிலாந்தில் சாதாரண வீடொன்றின் பின்வளவில் டெக்கிங் போடத் திட்ட அனுமதி பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் தளம் நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது, வீட்டோடு பின்னர் சேர்த்த கட்டடங்களையும் சேர்த்து வளவின் பாதிக்கு மேல் மூடவும் கூடாது. எங்கள் குசினித் தரை வளவிலிருந்து 40 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதால், ‘ஒரே மட்டம்’ என்ற ஆசை அந்த எல்லையைத் தாண்டிவிடும். தவிரவும், சுவருக்குள் நிலத்து ஈரம் ஏறாமல் தடுக்கும் படைக்கு 15 சென்ரிமீற்றராவது கீழே வெளித்தளம் நிற்க வேண்டும் என்பது இங்கு பொதுவான கட்டட வழக்கம். தரைப் பலகைகளுக்கு அடியில் காற்றுப் போவதற்காகச் சுவரில் பதித்த துளைச் செங்கற்களையும் மறைக்க முடியாது. அவை அடைபட்டால் வெளியே புதுப் பலகை போடப்போய் உள்ளே உள்ள பழைய மரம் உக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கதவிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிக் கழிவுநீர்க் குழாயின் மூடி இருக்கிறது. அந்தக் குழாய் எங்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் பொதுவானது. 2011 ஒக்ரோபர் முதல் இத்தகைய பொதுக்குழாய்கள் நீர் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. அடைப்பு வந்தால் அவர்களுடைய ஆட்கள் திறப்பதற்கு அந்த மூடி எட்ட வேண்டும். பலகையில் ஒரு கதவு வெட்டி வைக்கலாம் என்று தச்சர் சொன்னார். வைக்கலாம்தான்.

எலியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். கென்ரன் பக்கத்தில் உள்ள நண்பர் ஒருவர் தமது பழைய டெக்கிங்கைக் கழற்றியபோது உதவிக்குப் போயிருந்தேன். மேலே பார்ப்பதற்குப் பலகைகள் நன்றாகவே இருந்தன. கீழே இருந்த தாங்குசட்டங்கள், திருகாணி இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் கறுத்து, விரலால் அழுத்தினாலே நார்நாராகப் பிரிந்தன. சுவரோரம், காய்ந்த புல்லும் கிழிந்த பொலித்தீனும் உருளைக்கிழங்குப் பொரியல் பைகளும் சேர்த்துக் கட்டிய ஒரு கூடு. உள்ளே நுழைய எலிக்கு இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி போதும். தாழ்ந்த டெக்கிங்கின் அடியில் இருட்டு, மழைக்கு மறைவு, நாய் பூனை எட்டாத காவல், பறவைக்கு நாம் போடும் தானியம் எல்லாம் ஓரிடத்தில் அமைந்துவிடுகின்றன. உக்காமல் இருக்க மருந்தூட்டிய அந்த மரத்தை வளவில் எரிக்கவும் முடியாததால், நகரசபையின் கழிவு நிலையத்துக்குத்தான் ஏற்றிக்கொண்டு போனோம்.

மரத்தூளையும் பிளாஸ்ரிக்கையும் கலந்து செய்யும் கொம்பொசிற் பலகையைப் பற்றி நண்பர்கள் பலர் சொன்னார்கள். அது உக்காது, வண்ணம் பூச வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வெயிலில் நன்றாகச் சூடேறும், நிழலில் அதன் மேலும் அழுக்கும் பாசியும் படியும், அடியில் உள்ள சட்டம் அநேகமாக மரமாகவே இருக்கும். மரம் என்று சொல்லிப் பிளாஸ்ரிக்கை மண்ணின் மேல் பரப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. இதில் காரணத்தை விட விருப்பமே பெரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபோது, டெக்கிங் வேண்டுமா வேண்டாமா என்பதை விட, அதை எங்கே போடுவது என்பதே முக்கியமாகிவிட்டது. வெயில் விழும் கடைசி மூன்று மீற்றருக்குள், பின்வேலியிலிருந்து ஒரு கை அகலம் விட்டு, மூன்று மீற்றருக்கு இரண்டரை மீற்றர் அளவில் தனியாக நிற்கும் ஒரு சிறு தளம் என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டுச் சுவரும் துளைச் செங்கல்லும் குழாய் மூடியும் அதற்குள் அகப்படவில்லை. “இஞ்சேருங்கோ, தேத்தண்ணியை அவ்வளவு தூரம் காவிக்கொண்டு போறது ஆர்?” என்று மனைவி கேட்டார். நான்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே உடன்பாடு வந்தது.

ஹரோவின் களிமண் கோடையில் சுருங்கி மாரியில் ஊதுவதால், தூண் புதைக்கும் குழியை மேல்மண்ணோடு நிறுத்தாமல் ஆழமாகவே தோண்டச் சொல்லியிருக்கிறேன். மண்ணைத் தொடும் மரம் முழுவதும் யூசி 4 வகுப்புக்கு ஏற்ப மருந்தூட்டியதாக இருக்கும் (மரம் எங்கே பயன்படப் போகிறது என்பதைப் பொறுத்த வகுப்பு இது). மேற்பலகைக்கு யூசி 3 போதும். தாங்குசட்டங்கள் 40 சென்ரிமீற்றருக்கு ஒன்று. மருந்திலுள்ள செம்பு சாதாரண இரும்பை அரிக்கும் என்பதால் திருகாணிகள் துருப்பிடிக்காத உருக்கில் இருக்க வேண்டும். அறுத்த ஒவ்வொரு முனைக்கும் அன்றே மருந்து பூச வேண்டும், ஏனெனில் தொழிற்சாலையில் ஊட்டிய மருந்து மரத்தின் நடுவரை போவதில்லை. கீழே சரளைக்கல்லும், சுற்றிவரச் சிறுகண் கம்பிவலையும் வரும். பலகைகள் வரியில்லாதவை.

கதவோரத்து வெடித்த கொங்கிறீற்றை உடைத்துவிட்டு, சொரசொரப்பான மேற்பரப்புள்ள கற்பலகைகளை, வீட்டிலிருந்து வெளிப்புறமாக நீர் வடியும் சரிவோடு பதிக்கப் போகிறோம். கதவருகே அம்மாவுக்குக் கைப்பிடி ஒன்றும் வரும். கறிவேப்பிலைச் சட்டி சித்திரை கழிந்து குளிர் விட்டதும் பின்தளத்துக்குப் போய்ப் புரட்டாதியில் திரும்பவும் வீட்டுக்குள் வர வேண்டும் என்பதால், நடுவே போகும் பாதை சில்லுவண்டி உருளும் அகலத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தச்சரிடம் சொல்ல மீதியாக உள்ளது.