சிப்ஸ் வைத்துப் பார்த்தாயிற்று
ஹூஸ்டனில் மழை விட்ட மறுநாள் எங்கள் வீட்டுப் புல்வெளியில் செருப்பில்லாமல் நடந்தேன். புத்திகெட்ட வேலை. பத்து நொடியில் கணுக்காலெங்கும் நெருப்பெறும்பு. அடுத்த நாள் சீழ்க் கொப்புளம்.

கோபத்தில் புற்றின் மேல் கொதிநீர் ஊற்றினேன். புல் கருகியதுதான் மிச்சம். ராணி ஆழத்தில் பத்திரமாக இருந்திருக்கிறாள். இரண்டடி தள்ளிப் புதுப் புற்று. 1930களில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி அலபாமாவின் மொபைல் நகரத் துறைமுகத்தில் இறங்கிய இனம், லேசில் போகுமா?

அப்புறம்தான் இரைமருந்து வாங்கினேன். சோயா எண்ணெயில் ஊறிய சோளக்குருணை, அதில் மெதுவாகக் கொல்லும் விஷம். வேலைக்கார எறும்புகளே கொண்டுபோய் ராணிக்கு ஊட்டிவிடும். ஈரத்தில் தூவினால் வீண். இரை தேடுகின்றனவா என்று பார்க்க முதலில் ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸை வைக்க வேண்டும். அரை மணிக்குள் மொய்த்தால் தூவலாம்.

இன்று மொய்த்துவிட்டது. பாக்கி சிப்ஸ் எனக்கு.