கோட்டையூர், ஐப்பசி

அக்டோபர் 19

மழை. மின்சாரம் இல்லை. ஆத்தாவின் காது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ரிப்போர்ட்டை டார்ச் வெளிச்சத்தில் மறுபடியும் படித்தேன். வலது பக்கம், "தெளிவாக மதிப்பிட இயலவில்லை". அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள்.

அக்டோபர் 20

3 மில்லிமீட்டர் தடிமனில் துண்டு துண்டாகப் படமெடுத்தால் எப்படித் தெளியும்? செவி நரம்பு போகிற எலும்புக் குழாயே நாலைந்து மில்லிமீட்டர் அகலம்தான். அதற்குள் முக நரம்பும் சேர்த்து நான்கு நரம்புகள் ஓடுகின்றன. ஒரே துண்டில் நரம்பு, நீர், எலும்பு எல்லாம் கலந்து சாம்பல் நிறமாகத்தான் வரும். யாரையும் திட்டிப் பயனில்லை என்கிறார் அப்பச்சி. திட்டவில்லை, கணக்குச் சொல்கிறேன் என்றேன். "உன் கணக்கை உன் காலேஜில் வைத்துக்கொள்" என்று எழுந்து வளவுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 21

மறுபடியும் ஸ்கேன் எடுக்க ஆத்தாவின் மூக்குத்தியைக் கழற்ற வேண்டும். திருகு கழலவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டும் கழலவில்லை.

அக்டோபர் 22

எம்.ஆர்.ஐ.யில் நான் படமெடுக்கப் போவது கறுப்புக் கவுனி அரிசி, ஒரு மணி. நீளம் ஆறரை மில்லிமீட்டர், அகலம் இரண்டேகால். வெர்னியரோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அப்பத்தா, "ஒவ்வொரு மணியாக அளந்தா உலை வைக்கப் போகிறாய்?" என்று கேட்டார்.

இரவெல்லாம் ஊறிய பிறகும் சில மணிகள் நடுவில் நறுக்கென்று நிற்கின்றன. தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது, கறுப்புத் தோல் அதை எங்கே மறிக்கிறது என்று பார்க்க, படத்தின் ஒரு புள்ளிக்கு 100 மைக்ரான் பக்கம், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, போதவே போதாது. 60 வேண்டும். பக்கத்தை 100லிருந்து 60 ஆக்கினால் அந்தக் குட்டிக் கனசதுரத்துக்குள் அடங்கும் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு சொச்சமாகிவிடுகிறது. அந்தத் தண்ணீரிலிருந்து மிஷின் கேட்கிற சிக்னலும் அவ்வளவே. இரைச்சல் மட்டும் அப்படியே நிற்கும்.

திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போடலாம்தான். ஆனால் அதில் கிடைக்கிற லாபம் நேரத்தின் வர்க்கமூலம் மட்டுமே. நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு தெளிவு. 100 மைக்ரானில் 25 நிமிடத்தில் கிடைத்த தெளிவு 60ல் வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். 50 என்றால் 64 மடங்கு, ஒரு நாளைத் தாண்டிவிடும். ஒன்பது மணி நேரம் அந்த மணி அப்படியே இருக்குமா? ஊறுகிற பொருள் அது. முதல் மணி நேரத்து அரிசியையும் எட்டாவது மணி நேரத்து அரிசியையும் கூட்டிச் சராசரி போட்டால் அது எந்த அரிசியின் படம்?

எனவே நேரத்தைக் கொட்டி இதை வாங்க முடியாது. சிக்னலைப் பிடிக்கிற கம்பிச் சுருளை, காயிலை, அரிசியை ஒட்டி நெருக்க வேண்டும். படமெடுக்கப் போகிற பெங்களூர் ஸ்கேன் மிஷினில் இருப்பது 10 மில்லிமீட்டர் விட்டம். அதற்குள் என் அரிசி இருக்கும் இடமே தெரியாது. விட்டம் சிறுக்கிற விகிதத்தில் சிக்னல் ஏறும். 3 மில்லிமீட்டர் என்றால் மூன்று மடங்குக்கு மேல். நேரம் பதினொன்றில் ஒரு பங்கு. ஒன்பது மணி நேரம் ஐம்பது நிமிடத்துக்குள் வந்துவிடும். காகிதத்தில் வந்துவிடும்.

அக்டோபர் 23

காரைக்குடி போய், மோட்டார் காயில் கட்டுகிற கடையில் 26 கேஜ் எனாமல் கம்பி கேட்டேன். எத்தனை கிலோ என்றார் கடைக்காரர். ஒரு முழம் போதும் என்றேன். காசு வாங்கவில்லை. எந்த மோட்டார் தம்பி இது என்று மட்டும் கேட்டார். மோட்டார் இல்லை அண்ணே, ஸ்கேன் மிஷினுக்கு என்றேன். சிரித்தார். நம்பவில்லை.

அக்டோபர் 24

இடது பக்கம் உட்கார்ந்து பேசினால்தான் ஆத்தா திரும்புகிறார்.

அக்டோபர் 25

3 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டில் கம்பியைச் சுற்றினேன். ஏழு சுற்று. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. ஒட்டினால் மின்னோட்டம் ஓரத்துக்கு ஒதுங்கி மின்தடை ஏறும். நைலான் நூலையும் கம்பியோடு சேர்த்துச் சுற்றிவிட்டு, பிறகு நூலை மட்டும் உருவினேன். இடைவெளி அழகாக நின்றது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த கணம் அதுதான்.

காயிலை ட்யூன் செய்கிற கண்டன்சர்களைச் சோதிக்க ஒரு குட்டிக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கால்களில் நிக்கல் பூச்சு இருந்தால் காந்தம் அந்தப் பக்கம் சாயும்; அதைக் காயில் அருகே வைத்தால் மிஷினின் காந்தப் புலம் கோணிப் படமே நெளியும். பாதிக்கு மேல் கழித்துப்போட வேண்டியிருந்தது. காயில், கையடக்க அனலைசரில், பெங்களூர் மிஷினின் 7 டெஸ்லா காந்தப் புலத்துக்கு உரிய 300 மெகாஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகிறது. மின்சாரம் போகும் வரை, ட்யூன் ஆனதைத் திரையில் காட்டுகிற அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 27

எரிச்சலான நாள். காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் வந்து, கம்பிக்கு வெள்ளி முலாம் பூசினால் என்ன என்று அரை மணி நேரம் பேசினார். மரியாதைக்குத் தலையாட்டினேன். 300 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் மேல்தோல் நான்கு மைக்ரானுக்குள்தான் ஓடுகிறது; யோசனையில் தப்பில்லை. ஆனால் வெள்ளி செம்பைவிட ஆறு சதவீதம் போலத்தான் நன்றாகக் கடத்தும். வர்க்கமூலத்துக்கு மேல் வர்க்கமூலம் போட்டால் லாபம் இரண்டு சதவீதத்தைத் தொடாது.

இரைச்சலைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். மனிதர் உள்ளே படுத்திருந்தால் இரைச்சலில் பெரும்பகுதி அவர் உடம்பிலிருந்தே வருகிறது. என் அரிசி அப்படியல்ல, அது சாது. இரைச்சல் முழுக்கச் செம்புக் கம்பியின் சூட்டிலிருந்து வருவது. ஜான்சன் அளந்து நைக்விஸ்ட் விளக்கி, 1928இல் வெளியிட்டது. கம்பியைக் கடுங்குளிரில் வைத்தால் அடங்கும். அதற்கான சாதனத்தின் விலையைக் கேட்டால் அப்பச்சி இந்த வீட்டுத் தேக்குத் தூண்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

இரவு. 1973இல் லாட்டர்பர் வெளியிட்ட முதல் எம்.ஆர்.ஐ. படம் எதனுடையது? 1 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாய்கள் இரண்டில் சாதாரணத் தண்ணீர், அவற்றைச் சூழ்ந்து 4.2 மில்லிமீட்டர் குழாயில் கனநீர். என் அரிசியைவிடப் பெரிதில்லை. இந்தக் கலையே சின்னப் பொருளில்தான் பிறந்தது. பிறகு எல்லோரும் ஆள் நுழைகிற குகை கட்டப் போய்விட்டார்கள். அதனால்தானே ஆத்தாவைப் படுக்க வைக்க முடிந்தது என்று பதிலும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்டோபர் 28

காற்றுக்குமிழ். அரிசிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே ஒரு குமிழ் நின்றாலும் அதைச் சுற்றிப் புலம் கெட்டு, படத்தில் கறுப்பு ஓட்டை விழும். தண்ணீர் ஊற்றி நிரப்பினால் அதன் சிக்னல் அரிசியை மூழ்கடிக்கும். ஹைட்ரஜனே இல்லாத ஃபுளூரின் எண்ணெய்தான் வழி: படத்தில் தெரியாது, காற்றை விரட்டும், அரிசியும் காயாது. ஊறிய மணியை ஒற்றித் துடைத்துவிட்டு எண்ணெய்க்குள் இறக்க வேண்டும்.

காய்ந்த அரிசியை வைத்தால் ஒன்றுமே தெரியாது. மாவுச்சத்தோடு இறுகிக் கிடக்கிற ஈரத்தின் சிக்னல், கேட்கத் தொடங்குவதற்குள் செத்துவிடுகிறது.

அக்டோபர் 29

பெங்களூர் மிஷினில் அரிசிக்கு நேரம் கிடைத்துவிட்டது. 1ஆம் தேதி இரவு எட்டு மணி முதல். மதுரையில் ஆத்தாவின் மறு ஸ்கேனுக்கும் 1ஆம் தேதி இரவு எட்டு மணி.

யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 30

காயிலைப் பஸ் பார்சலில் அனுப்பினேன். அங்கிருக்கும் கூட்டாளி ஸ்கேனை ஓட்டித் தருகிறேன் என்றார். தாளில் எழுதி வைத்தேன்: காயிலின் அச்சு காந்தப் புலத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும், நீளவாக்கில் வைத்தால் சிக்னலே வராது. குமிழைப் பார்க்கவும். 60 மைக்ரான் போதும், 40க்கு ஆசைப்பட வேண்டாம், நேரம் பதினோரு மடங்காகும். கடைசி வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

மாலை ஆசாரி வந்து மூக்குத்தியைக் கழற்றினார். ஆத்தா கண்ணாடி பார்க்க மறுத்துவிட்டார். கழுத்தில் மஞ்சள் கயிறு. "போன தடவை எடுத்தார்களே, அதில் என்ன குறை?" என்று கேட்டார். இந்த மிஷின் 3 டெஸ்லா ஆத்தா, அதைவிட இரண்டு மடங்கு தெளிவு, துண்டும் மெல்லிசு என்றேன். "தெளிவாகத் தெரிந்து என்ன செய்யப் போகிறாய்?"

அக்டோபர் 31

எழுத ஒன்றுமில்லை. பிள்ளையார்பட்டி போய் வந்தோம். நல்ல கூட்டம்.

நவம்பர் 1

மதுரை. எட்டு மணி, ஒன்பதாகி இப்போது ஒன்பதே முக்கால். ஆத்தா உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகிறது. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தத் தட்டல் கேட்கிறது. தட்டலை வைத்து எந்த முறையில் எடுக்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டிருக்கிறேன். அப்பச்சி காபி வாங்கி வந்து, தானே குடித்துவிட்டார்.

பெங்களூரிலிருந்து செய்தி: காயில் 294 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ட்யூன் ஏற மறுக்கிறதாம். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பா, பிறகா என்று கேட்டிருக்கிறேன்.