தபால் வண்டியிலிருந்து தொடங்கலாமே

கொழும்பில் மின்சார வாகனம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் காருக்குத்தான் போகிறார்கள். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்ட நாளிலிருந்து என்ன மொடல், எவ்வளவு வரி, ஒரு சார்ஜில் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாமா என்பதுதான் கதை. எனக்கு இதில் பெரிய ஆதங்கம் இருக்கிறது. இந்த நகரத்தில் பெற்றோலை மிக மோசமாக விரயமாக்கும் வேலைகளில் ஒன்று தினமும் நம் வாசலிலேயே நடக்கிறது. கடிதமும் பார்சலும் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுக்கும் வேலைதான் அது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனை எடுத்துக்கொள்ளுங்கள், ராமகிருஷ்ண வீதி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் தொடர்மாடிகள். பைக் ஒரு கேற்றடியில் நிற்கும், முப்பது மீற்றர் போகும், திரும்ப நிற்கும், அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பும், மறுபடி நிற்கும். ஒரு வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்பி வேகம் பிடிக்க வைக்கத்தான் பெற்றோல் அதிகம் போகிறது. பிரேக் பிடித்த உடனே அந்தச் சக்தி அத்தனையும் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஒரே சீரான வேகத்தில் ஓடும்போதுதான் எஞ்சின் ஒழுங்காக எரிக்கும், தபால் வேலையில் அந்தச் சீரான வேகம் வருவதே இல்லை. ஆகவே கம்பெனிக்காரர் விளம்பரத்தில் போடும் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கை இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்கத் தபால் சேவை. 1987 முதல் 1994 வரை குரூமன் நிறுவனம் அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த அந்தச் சதுர வெள்ளை வான்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏசி இல்லை, சில வண்டிகள் தீப்பிடித்தும் இருக்கின்றன. உண்மையான தெரு வேலையில் அவை கொடுப்பது ஒரு கலனுக்குச் சுமார் 10 மைல், நம் கணக்கில் லீற்றருக்கு நாலு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். கடிதம் கொண்டுபோகும் ஒரு வானுக்கு இது! 2021இல் புதிய வண்டிகளுக்கு ஒஷ்கொஷ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது முதலில் பத்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக எடுக்கப் பார்த்தார்கள். மீதியாக வரவிருந்த புதிய பெற்றோல் வண்டி ஏசி போட்டால் கலனுக்கு 8.6 மைல்தான் ஓடும் என்பது வெளியே வந்ததும் சுற்றாடல் பாதுகாப்பு முகமையே எதிர்த்தது. கடைசியில் 2022 டிசம்பரில், 2028க்குள் வாங்கப்போகும் 106,000 வண்டிகளில் 66,000 மின்சாரமாக இருக்கும் என்று அறிவித்தார்கள். வண்டிகள் வந்து சேரும் வேகம் சொன்னதற்கு மிகவும் பின்னால் நின்றது. முப்பது வருடம் ஓடப்போகும் ஒரு வண்டியை வாங்கும்போது பிழையாக வாங்கினால் அந்தப் பிழையும் முப்பது வருடம் ஓடும் என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

எங்களிடம் அவ்வளவு வண்டி இல்லை, அது ஒரு வகையில் நல்லது. தபால்காரர் இன்றைக்கும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறார், தூர ஊர்களுக்குத் தபால் மூட்டைகளை இரவு மெயில் ரயிலில் அனுப்பிப் பழகிய நாடு இது. பாரத்தைத் தூர இடத்துக்குக் கொண்டுபோக ரயிலைவிடச் சிக்கனமான வழி நிலத்தில் இல்லை, அதைக் கைவிட்டுவிட்டு எல்லாவற்றையும் லொறியில் ஏற்றும் யோசனை எப்போதாவது வந்தால் தயவுசெய்து எதிர்த்துக் குரல் கொடுங்கள். பிரச்சினை கடைசித் துண்டில்தான் இருக்கிறது. மருதானையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ நம் கதவு வரைக்குமான அந்தச் சின்னத் தூரத்தில். ஒன்லைனில் சாமான் வாங்கும் பழக்கம் கூடக் கூட அந்தத் துண்டில் ஓடும் வண்டிகளும் கூடிக்கொண்டே போகின்றன.

புதிதாக ஒரு சதமும் செலவழிக்காமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. டயரில் காற்றுக் குறைந்தால் பெற்றோல் கூடக் குடிக்கும், இது எல்லோருக்கும் தெரியும், கிழமைக்கொரு தரம் பார்ப்பவர்கள்தான் குறைவு. டீசல் வான்களில் எயார் பில்டர் அடைத்துக்கொண்டால் கறுப்புப் புகைதான். வருடத்துக்கு ஒருமுறை லைசன்சுக்காகப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டுவதோடு கடமை முடிந்தது என்று விட்டுவிடாமல், நாள் முழுக்க நகரத்துக்குள் ஓடும் வண்டிகளை அதனதன் நிறுவனமே இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை சோதிக்க வேண்டும்.

அடுத்தது திருப்பம். அமெரிக்காவில் யூபிஎஸ் கூரியர் நிறுவனம் தன் சாரதிகளை இடப்பக்கம் திரும்ப விடாமல் முடிந்தவரை வலப்பக்கமே திரும்ப வைக்கிறது. அங்கே வண்டி ஓடுவது வலப்பக்கம் என்பதால் இடது திருப்பத்துக்கு எதிரே வரும் வாகனங்களை விட்டுவிட்டு எஞ்சினைப் போட்டபடி காத்து நிற்க வேண்டும். இதையும் சேர்த்துப் பாதைகளைக் கணினியில் திட்டமிடுவதால் வருடத்துக்குச் சுமார் 10 மில்லியன் கலன் எரிபொருள் மிச்சம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. நமக்கு அது தலைகீழ், இங்கே தவிர்க்க வேண்டியது வலது திருப்பம். பம்பலப்பிட்டிச் சந்தியிலோ தெஹிவளையிலோ கலர் லைட்டில் வலப்பக்கம் திரும்ப எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கொழும்பில் வண்டி ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கத்து லேன்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் வருவது பழைய தபால்காரருக்குக் கைவந்த விஷயம். அனுபவமில்லாத கூரியர் தம்பி, போனில் எந்த வரிசையில் விலாசம் வருகிறதோ அந்த வரிசையில் ஓடுகிறான், பாவம்.

இதையெல்லாம்விடப் பெரிய விரயம் ஒன்று இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டுக்குப் போய்த் திரும்புவது. எங்கள் தொடர்மாடிக்குக் கீழே இது நாளாந்தக் காட்சி. பைக் வந்து நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு "அக்கா, பார்சல் ஒண்டு வந்திருக்கு, கீழ வாறீங்களா?" என்று அந்தத் தம்பி கேட்பான். அக்கா வேலையில் இருப்பாள். "தம்பி, செக்கியூரிட்டி ஐயாட்ட குடுங்கோவன்" என்பாள். கையில் காசு வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டிய பார்சலைப் பொறுப்பெடுக்கச் செக்கியூரிட்டிக்கு அனுமதி இல்லை. நாளைக்குத் திரும்ப வருவான், அதே தூரம், அதே பெற்றோல், அதே புகை. பார்சல் ஒன்றைத்தான் கொடுத்தார்கள், பயணம் இரண்டு. முதல் நாளே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்று கேட்கலாம், காசை முன்கூட்டியே வாங்கலாம், அந்த லேன் முனையில் இருக்கும் கடையில் பார்சலை வைத்துவிட்டு நம்மையே நடந்துபோய் எடுக்கச் சொல்லலாம். உண்மையில் நாமும் கொஞ்சம் மாற வேண்டும். சந்திக் கடைக்கு நடப்பது நமக்குப் பாரமில்லை, பால்மா வாங்கப் போகத்தானே செய்கிறோம்.

சரி, பற்றரிக்கு வருவோம். நின்று நின்று போகும் வேலைக்குப் பெற்றோல் எஞ்சின் எவ்வளவு பொருத்தமில்லையோ அவ்வளவுக்கு மின்மோட்டார் பொருத்தம். நிற்கும்போது எதையும் எரிக்காது, நல்ல மொடல்களில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சச் சக்தி பற்றரிக்கே திரும்பிப் போகும். தினமும் ஒரே பாதை, தூரம் முன்கூட்டியே தெரியும், ஆகவே வழியில் சார்ஜ் இறங்கிவிடுமோ என்ற பயத்துக்கும் இடமில்லை. சுவிற்சர்லாந்துத் தபால் சேவை இதை எப்போதோ செய்துவிட்டது. கடிதம் கொண்டுபோகும் ஸ்கூட்டர்கள் சுமார் 6,000ஐயும் 2017க்குள் மின்சாரமாக்கி முடித்தார்கள். பெரும்பாலும் கீபுர்ட்ஸ் (Kyburz) நிறுவனத்தின் மூன்று சக்கர வண்டிகள், மலையும் பனியும் உள்ள நாட்டில். ஜப்பான் தபாலும் 2020இல் டோக்கியோவில் ஹொண்டாவின் மின்சார ஸ்கூட்டர்களை இறக்கியது. அதில் பற்றரியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுக்கொண்டு போகலாம், சார்ஜ் ஏறும்வரை நிற்கத் தேவையில்லை.

இங்கே பற்றரி என்றால் பலருக்குப் பழைய நிசான் லீஃப் கார்தான் ஞாபகம் வரும். ஏற்கனவே பாவித்த கார்களை இறக்கி, பற்றரி தேய்ந்து, மாற்றப்போனால் காரின் விலைக்குக் கிட்ட வந்த கதைகள். அந்தப் பயம் நியாயமானது. அந்தக் காரின் பற்றரியைக் குளிராக்கத் தனி ஏற்பாடு இல்லை, நம் வெப்பத்துக்கு அது ஒத்துவரவில்லை. இப்போது பல ஸ்கூட்டர்களிலும் வான்களிலும் வரும் இரும்பு பொஸ்பேற்று வகை லித்தியம் பற்றரிகள் வெப்பத்தையும் அடிக்கடி சார்ஜ் பண்ணுவதையும் அதைவிட நன்றாகத் தாங்குகின்றன. எந்த வகைப் பற்றரி என்று கேட்காமல் யாரும் வாங்கக் கூடாது.

"நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துத்தானே கரண்ட் வருகிறது, அப்புறம் என்ன சுத்தம்?" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். நின்று நின்று ஓடும் பைக் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் போனால் கிலோமீற்றருக்கு 58 கிராம். மின்சார ஸ்கூட்டருக்கு 100 கிலோமீற்றருக்கு மூன்று நாலு யூனிட் போதும். அத்தனையும் நிலக்கரியில் வந்தது என்றே வைத்தாலும், யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று பார்த்தால், கிலோமீற்றருக்கு 30, 40 கிராமுக்குள் நிற்கும். மழை நன்றாகப் பெய்யும் வருடங்களில் நம் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீரிலும் வெயிலிலும் காற்றிலும் வருகிறது, அப்போது இது இன்னும் குறையும். அதைவிட முக்கியம், நுரைச்சோலைப் புகை புறக்கோட்டைச் சனத்தின் மூக்குக்கு நேரே வருவதில்லை, பைக் புகை வருகிறது. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்க் காற்றோடு வெளியிலிருந்தும் அழுக்கு வந்து கொழும்பு மங்கிக் கிடக்கும் மாதங்களில் நம் தெருப் புகையையாவது குறைக்க வேண்டாமா?

எப்போது சார்ஜ் பண்ணுகிறோம் என்பதில்தான் கொழும்புக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, இதை யாரும் பேசிக் கேட்டதில்லை. மாலை 6.30 முதல் 10.30 வரைதான் நாட்டில் மின்சாரத் தேவை உச்சம், எண்ணெய் எரிக்கும் நிலையங்களை ஓட்டுவது அப்போதுதான். பகலிலோ வெயில் மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், கூரையில் சோலார் போட்டவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. தபால்காரர் காலையில் கிளம்பி மதியத்தோடு கடிதம் கொடுத்து முடிக்கிறார். வெயில் உச்சியில் நிற்கும் அதே நேரம் அவருடைய வண்டி தபால் நிலையத்தில் சும்மா நிற்கிறது. கூரையில் சோலார், கீழே பிளக், மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை சார்ஜ். வேறெந்த வாகனத்துக்கும் நேரம் இவ்வளவு சரியாக அமையாது. அவரே வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு ஏழு மணிக்குப் பிளக்கில் மாட்டினால் பாதிப் பலன் போய்விடும்.

காசு யார் கொடுப்பது? 2022இல் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனபோது, கியூஆர் எரிபொருள் பங்கீட்டில் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் என்றபோது, வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோகும் பையன்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். அவர்களில் பலர் ஓடுவது சொந்த பைக், அடிப்பது சொந்தக் காசில் பெற்றோல். நிறுவனத்துக்கு எரிபொருள் மிச்சம் பிடிக்க ஒரு அவசரமும் இல்லை, ஏனென்றால் எரிவது அதன் காசு இல்லை. அதனால்தான் ஆள் இல்லாத வீட்டுக்கு இரண்டாம் தரம் அனுப்புவதும், தலைகீழ் வரிசையில் ஓடவிடுவதும் யாருக்கும் உறுத்துவதில்லை. புதிய மின்சார ஸ்கூட்டரைக் கடனில் எடு என்று அந்தப் பையன் தலையிலேயே கட்டுவது பெரிய அநியாயம். வண்டி அவனுடையதாக இருக்கட்டும், பற்றரியை நிறுவனம் வாங்கி வைத்துத் தன் களஞ்சியத்திலேயே பகலில் சார்ஜ் பண்ணி மாற்றிக் கொடுக்கட்டும். தேய்ந்தால் மாற்றும் செலவும் நிறுவனத்தினுடையது. பழைய ஓட்டோவை மின்சாரமாக மாற்றும் வேலை இங்கே ஏற்கனவே தொடங்கிவிட்டது, பார்சலுக்கு அந்த வண்டிகளும் நல்ல தோது. தபால் திணைக்களம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற நெருக்கமான இடத்தில் ஒரு தபால் நிலையத்தை எடுத்து ஒரு வருடம் செய்து பார்த்து, லீற்றர் கணக்கையும் யூனிட் கணக்கையும் வெளியே போட்டால் கூரியர் நிறுவனங்களிடமும் அதே கணக்கை நாங்கள் கேட்கலாம்.